ஒரே தேதியில் ஐந்து திருப்பம்: ஜெர்மனியின் நவம்பர் 9

நாளிதழின் மூலையில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு கட்டம் வரும். யாரோ பிறந்திருப்பார், எங்கோ ஓர் ஆட்சி கவிழ்ந்திருக்கும், ஏதோ ஒரு ராக்கெட் கிளம்பியிருக்கும். ஒரு பார்வை பார்த்துவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுவோம். ஜெர்மன்காரர்களால் நவம்பர் 9 அன்று மட்டும் அப்படிப் போய்விட முடியாது. 1848, 1918, 1923, 1938, 1989 என்று ஐந்து முறை அவர்கள் நாட்டின் போக்கு இந்த ஒரே தேதியில் திரும்பியிருக்கிறது. ‘விதியின் நாள்’ என்றே அதற்குப் பட்டம் கட்டியிருக்கிறார்கள்.

விதி என்று சொல்லிவிட்டால் நமக்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டத் தோன்றும். அதற்குமுன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்தவர்களுக்கு, அது என்ன தேதி என்று நினைவில் இருந்ததா? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையை வைத்து ஐந்தையும் பிரித்தால், விதியின் பங்கு எவ்வளவு, மனிதர்களின் பங்கு எவ்வளவு என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

(போகிற போக்கில் ஒன்று. 9/11 என்று எழுதினால் ஜெர்மனியிலும் நம் ஊரிலும் அது நவம்பர் 9. அமெரிக்காவில்தான் அது செப்டம்பர் 11. தேதிக்கு மர்மம் கற்பிப்பவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொண்டாடுவதும் உண்டு.)

முதலில் 1848. அந்த ஆண்டு ஐரோப்பா முழுக்கப் புரட்சி. ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடிய ஜெர்மன் தேசிய மன்றத்தில் ராபர்ட் புளும் என்ற ஜனநாயகவாதி உறுப்பினர். வியன்னாவில் அக்டோபரில் கிளர்ச்சி வெடித்தபோது, ஆதரவு சொல்ல அங்கே போனார். போனவர் சண்டையிலும் இறங்கினார். ஆஸ்திரியப் பேரரசரின் படை நகரத்தை மீட்டதும் பிடிபட்டார். மன்ற உறுப்பினரைக் கைது செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு அவருக்கு இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நவம்பர் 9 காலையில் வியன்னாவை ஒட்டிய பிரிகிட்டெனாவ் பகுதியில் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தேதிக்கு அன்று எந்தப் பொருளும் இல்லை. ராணுவ நீதிமன்றம் தீர்ப்பு எழுதி முடித்த மறுநாள், அவ்வளவுதான்.

அடுத்தது 1918, முதல் உலகப் போரின் கடைசி நாள்கள். நவம்பர் தொடக்கத்தில் கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கலகம் செய்ய, அது ஒரு வாரத்துக்குள் நகரம் நகரமாகப் பரவித் தலைநகருக்கு வந்துவிட்டது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊரில், படைத் தலைமையகத்தில் இருந்தார். பதவி விலகுவதா வேண்டாமா என்று அவர் இழுத்துக்கொண்டிருக்க, பெர்லினில் சான்சலராக இருந்த பாடன் இளவரசர் மாக்ஸ் பொறுமை இழந்து, பேரரசர் விலகிவிட்டார் என்று நண்பகல் வாக்கில் தானாகவே அறிவித்துவிட்டார். பொறுப்பை சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் எபர்ட் கையில் கொடுத்தார்.

அன்று பிற்பகல் 2 மணி சுமாருக்கு நாடாளுமன்ற உணவுக்கூடத்தில் அதே கட்சியின் ஷைடெமான் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். போர்க்கால சூப், தண்ணீர்தான் அதிகம். வெளியே பெருங்கூட்டம். அரண்மனைப் பக்கம் தீவிர இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்னெக்ட் சோஷலிசக் குடியரசை அறிவிக்கப் போகிறார் என்று சேதி வந்தது. சூப்பை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போன ஷைடெமான், கூட்டத்தைப் பார்த்து ஜெர்மன் குடியரசு வாழ்க என்று முழங்கிவிட்டுத் திரும்பி வந்தார். எபர்ட்டுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. குடியரசா முடியரசா என்பதை அரசியலமைப்பு மன்றம் முடிவு செய்ய வேண்டும், நீ யார் அறிவிக்க என்று மேசையைத் தட்டினாராம். இரண்டு மணி நேரம் கழித்து லீப்னெக்ட்டும் தன் குடியரசை அறிவித்தார். ஆக ஒரே நாளில் ஒரே நகரத்தில் இரண்டு குடியரசு. பின்னாளில் கிழக்கு ஜெர்மனி அந்த அரண்மனையை இடித்தபோதும், லீப்னெக்ட் நின்று பேசியதாகச் சொல்லப்பட்ட மாட முகப்பை மட்டும் எடுத்துத் தன் அரசு மன்றக் கட்டடத்தில் பதித்துக்கொண்டது. இன்றும் அங்கே இருக்கிறது.

ஷைடெமானுக்கோ லீப்னெக்ட்டுக்கோ எபர்ட்டுக்கோ, எழுபது ஆண்டுக்கு முன் இதே நாளில் ராபர்ட் புளும் செத்தார் என்று நினைத்துப் பார்க்க நேரம் ஏது? அன்றைக்கு அவர்கள் மணியைப் பார்த்தார்கள், தேதியைப் பார்க்கவில்லை. ஆகவே முதல் இரண்டும் சேர்ந்தது தற்செயல்.

இனிதான் கதை வேறு மாதிரி ஆகிறது. போரில் தோற்றதற்குப் படைத் தளபதிகள் காரணமல்ல, 1918 நவம்பரில் முதுகில் குத்திய அரசியல்வாதிகள்தான் காரணம் என்ற பொய்யைத் தன் முதலாக வைத்து வளர்ந்தவர் ஹிட்லர். அவர் பேச்சில் அவர்கள் ‘நவம்பர் குற்றவாளிகள்’. குடியரசு பிறந்து ஐந்தாம் ஆண்டு நிறையும் வேளையில், 1923 நவம்பர் 8 மாலை, மியூனிக்கின் ஒரு பெரிய பீர் மண்டபத்தில் பவேரியாவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கார் என்பவர் பேசிக்கொண்டிருந்தபோது ஹிட்லர் ஆட்களோடு நுழைந்து, துப்பாக்கியை உத்தரத்தை நோக்கி வெடித்து, தேசியப் புரட்சி தொடங்கிவிட்டது என்றார். மறுநாள் 9ஆம் தேதி ஓடியோன்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தை நோக்கி ஊர்வலம். காவல்துறை சுட்டது. ஹிட்லர் தரப்பில் 16 பேரும் காவலர் 4 பேரும் செத்தார்கள். தப்பி ஓடிய ஹிட்லர் இரண்டு நாளில் பிடிபட்டார். ஐந்தாண்டு தண்டனை கிடைத்து, தீர்ப்புக்குப் பின் ஓராண்டுகூடச் சிறையில் இருக்காமல் வெளியே வந்தார்.

தோற்றுப்போன அந்த ஊர்வலத்தை, 1933இல் ஆட்சிக்கு வந்தபின் ஹிட்லரின் நாஜிக் கட்சியினர் ஒரு திருவிழா ஆக்கினார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 8 இரவு அதே பீர் மண்டபத்தில் ஹிட்லர் பேச்சு. 9ஆம் தேதி அதே பாதையில் ஊர்வலம். அன்று செத்த 16 பேரின் உடல்களையும் 1935இல் தோண்டி எடுத்து, மியூனிக்கின் கோனிக்ஸ்பிளாட்ஸில் கோயில்போல இரண்டு மண்டபம் கட்டி அதில் வைத்தார்கள். கட்சியின் எஸ்எஸ் படையில் சேருபவர்கள் உறுதிமொழி எடுக்கிற நாளும் இதுதான். ஒரு தேதியை எப்படிக் கோயில் மூர்த்திபோல எழுந்தருளச் செய்வது என்பதற்கு இதைவிட அப்பட்டமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

1938க்கு வந்தால் அந்தத் திருவிழாவே கொலைக்கருவி ஆகிறது. ஜெர்மனியில் வாழ்ந்த போலந்து யூதர்கள் ஆயிரக்கணக்கானோரை அக்டோபர் இறுதியில் எல்லைக்கு அப்பால் விரட்டினார்கள். அப்படி ஹனோவரிலிருந்து விரட்டப்பட்ட ஒரு குடும்பத்தின் மகன் ஹெர்ஷல் கிரின்ஸ்பான், 17 வயது, பாரிஸில் இருந்தான். நவம்பர் 7 அன்று அங்குள்ள ஜெர்மன் தூதரகத்துக்குள் போய் எர்ன்ஸ்ட் ஃபாம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். இரண்டு நாள் உயிருக்குப் போராடிய ராத் 9ஆம் தேதி மாலை செத்தார்.

அந்த மாலையில் நாஜிக் கட்சியின் மாவட்டத் தலைவர்கள், படைத் தலைவர்கள் எல்லோரும் எங்கே இருந்தார்கள்? 1923 ஊர்வலத்தின் நினைவு விருந்துக்காக மியூனிக் பழைய நகர மண்டபத்தில், ஒரே கூரையின்கீழ். சேதி வந்ததும் ஹிட்லர் கோயபல்ஸிடம் ஏதோ பேசிவிட்டு எழுந்து போனார். கோயபல்ஸ் ஒரு பேச்சுப் பேசினார். கேட்டவர்கள் ஓட்டல் தொலைபேசிகளுக்கு ஓடினார்கள். தங்கள் தங்கள் ஊருக்கு உத்தரவு போனது. விடிவதற்குள் நாடு முழுக்க யூத வழிபாட்டிடங்கள் எரிந்தன. மொத்தம் 1,400க்கு மேல் சிதைக்கப்பட்டன. சுமார் 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன. பக்கத்துக் கட்டடத்துக்குத் தீ பரவினால் மட்டும் அணைக்கச் சொல்லித் தீயணைப்பு வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன. அரசாங்கம் ஒப்புக்கொண்ட சாவு 91. உண்மையில் அதைவிட மிக அதிகம். சுமார் 30,000 யூத ஆண்களை டாகாவ், புக்கென்வால்ட், சாக்சென்ஹவுசன் முகாம்களுக்கு இழுத்துப் போனார்கள். அதற்குமேல் அபராதமாக நூறு கோடி மார்க்கை யூதர்கள் தலையிலேயே கட்டினார்கள்.

ராத் இன்னொரு நாள் செத்திருந்தால் வன்முறை நடந்திருக்காது என்று நான் சொல்லவரவில்லை. அதற்கான வெறி தயாராக இருந்தது. ஆனால் ஓரிரவில், ஒரே மூச்சில், மூலை முடுக்கெல்லாம் நடந்ததற்கு அந்த விருந்து ஒரு காரணம். 1918 இல்லாமல் 1923 இல்லை. 1923இன் நினைவு விருந்து இல்லாமல் 1938 இந்தத் தேதியில் இந்த வடிவில் இல்லை. மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. கட்டியது விதி அல்ல.

தேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்களை அதே தேதியை வைத்தே மடக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது. கியோர்க் எல்சர், தச்சர். கடிகாரத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். 1938 நவம்பர் 8 அன்று மியூனிக் போய் அந்த நினைவுக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டும் ஹிட்லர் இதே நாள், இதே மண்டபம், இதே மேடைக்கு வருவார் என்பது நிச்சயம். 1939இல் மியூனிக்கில் அறை எடுத்துத் தங்கி, மண்டபம் பூட்டும் வரை உள்ளே ஒளிந்திருந்து, 30க்கும் மேற்பட்ட இரவுகள் மேடைக்குப் பின்னாலிருந்த தூணைக் குடைந்தார். சுரண்டிய காரைத் தூளைப் பையில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினார். தூணுக்குள் வெடிமருந்தும், ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓடட்டும் என்று இரண்டு கடிகாரங்களும் வைத்தார். நவம்பர் 8 இரவு 9.20க்குக் குண்டு சரியாக வெடித்தது. பனிமூட்டத்தால் விமானம் கிடையாது, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஹிட்லர் அன்று பேச்சைச் சுருக்கி, 13 நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தார். எட்டுப் பேர் செத்தார்கள். எல்சரை எல்லையில் பிடித்து, 1945 ஏப்ரல் 9 அன்று டாகாவ் முகாமில் கொன்றார்கள்.

போருக்குப் பின்னும் இந்தத் தேதியை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்கள் உண்டு. 1969 நவம்பர் 9 அன்று மேற்கு பெர்லினில் யூத சமூகக் கூடத்தில், 1938ஐ நினைவுகூரும் கூட்டம் நடக்கும் இடத்தில், தீவிர இடதுசாரிக் குழு ஒன்று குண்டு வைத்தது. நல்லவேளை, வெடிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாராவது இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். இது பலர் அறிந்தது. மூவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய எத்தனை பேர் வேண்டும்? 88 பேர் போதும். அப்போதே வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. நவம்பர் 9இன் ஐந்து நிகழ்ச்சியில் 1918, 1923, 1938 மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்பதால் கணக்குக்கு அவை ஒன்றுதான். மிச்சம் 1848, 1989. ஆக விளக்கம் கேட்கிற தற்செயல் ஐந்து அல்ல, மூன்று. 1848லிருந்து 1989 வரை ஜெர்மனிக்கு முக்கியமான நாள்கள் என்று ஒரு வரலாற்று ஆசிரியரைப் பட்டியல் போடச் சொன்னால், நூறைத் தாராளமாகத் தாண்டுவார். அந்தப் பட்டியலில் ஏதோ ஒரு தேதியில் மூன்று வந்து விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது நவம்பர் 9ஆக இருந்தது. மார்ச் 18ஆக இருந்திருந்தால் மார்ச் 18க்குப் பட்டம் கட்டியிருப்பார்கள்.

அந்த மூன்றாவதும், அதாவது கிழக்கையும் மேற்கையும் பிரித்த பெர்லின் சுவர் 1989இல் திறந்ததும், நவம்பர் 9இல் விழுந்தது மயிரிழையில்தான்.

கிழக்கு ஜெர்மன் அரசு புதிய பயண விதியை அன்று தயார் செய்திருந்தது. மறுநாள் 10ஆம் தேதி அதிகாலை 4 மணிக்குத்தான் செய்தி வெளியாக வேண்டும். மக்கள் அலுவலகத்தில் வரிசையில் நின்று விசா வாங்கிக்கொண்டு போகலாம் என்பது ஏற்பாடு. மாலை 6 மணிக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு. கட்சியின் சார்பில் பேசிய குந்தர் ஷபோவ்ஸ்கி, அந்த விதி முடிவான கூட்டத்தில் முழுக்க இருந்தவர் அல்ல. கிளம்பும்போது கையில் திணித்த தாளை அவர் ஒழுங்காகப் படித்துப் பார்க்கவும் இல்லை. ஏழு மணி ஆகப்போகிறது, நிருபர்கள் சோம்பல் முறிக்கிறார்கள். அப்போது இத்தாலிய நிருபர் ஒருவர் பயணச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார். ஷபோவ்ஸ்கி காகிதக் கட்டில் தேடி, தாளை எடுத்து வாசித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்றார். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு.

போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடியின் பொறுப்பில் இருந்த ஹரால்ட் யேகர் அப்போது உணவு விடுதியில் இரவுச் சாப்பாட்டில் இருந்தார். (1918இல் சூப், 1989இல் ரொட்டி. தற்செயலைச் சேகரிப்பவர்கள் இதை ஏனோ விட்டுவிட்டார்கள்.) பாய்ந்து வெளியே வந்தார். கூட்டம் நூறாகி ஆயிரமாகிக்கொண்டிருந்தது. மேலதிகாரிகளைத் திரும்பத் திரும்ப அழைத்தார். தெளிவான பதில் இல்லை. அதிகம் கத்துபவர்களை மட்டும் வெளியே விடு, அவர்கள் அடையாள அட்டையில் புகைப்படத்தின்மேல் முத்திரை குத்து என்று ஒரு யோசனை வந்தது. அந்த முத்திரை விழுந்தால் திரும்ப உள்ளே வர முடியாது. அது குத்தப்பட்டவர்களுக்கே தெரியாது. அப்படிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய இளம் பெற்றோர், வீட்டில் தூங்கும் பிள்ளைகளிடம் போக வேண்டும் என்று அழுதார்கள். யேகர் உத்தரவை மீறி அவர்களை உள்ளே விட்டார். மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி இரவு 10.42க்கு எல்லைக் கதவுகள் திறந்துவிட்டன என்று அறிவித்தபோது கதவுகள் இன்னும் மூடியே இருந்தன. அறிவிப்பைக் கேட்டுக் கூட்டம் இன்னும் பெருகியது. 11.30 சுமாருக்கு யேகர் கதவைத் திறந்துவிடச் சொன்னார்.

பதினொன்றரை மணி. அவர் இன்னும் அரை மணி நேரம் தாக்குப்பிடித்திருந்தால், பெர்லின் சுவர் விழுந்த நாள் நவம்பர் 10. பத்திரிகைகள் அதற்கும் ஏதாவது ஒரு பொருத்தம் கண்டுபிடித்திருக்கும். 1483 நவம்பர் 10 மார்ட்டின் லூதர் பிறந்தநாள் என்று தொடங்கியிருப்பார்கள்.

நள்ளிரவு தேதியை மாற்றும் என்பதே நாம் ஏற்றுக்கொண்ட ஒரு ஏற்பாடுதான். இதற்கு நம் பாரதியாரே சாட்சி. திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 இரவு கழிந்து, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். ஆங்கிலக் கணக்கில் அது 12ஆம் தேதி. சூரிய உதயத்திலிருந்து உதயம் வரை ஒரு நாள் என்ற நம் வழக்கப்படி 11ஆம் தேதி முடியவில்லை. தமிழ்நாடு அரசு மகாகவி நாள் கொண்டாடுவது செப்டம்பர் 11இல். அதனால்தான் செப்டம்பர் 11இன் பட்டியலில் 1893 விவேகானந்தரின் சிகாகோ பேச்சு, 1906 ஜோகன்னஸ்பர்க்கில் காந்தி கூட்டிய சத்தியாக்கிரகக் கூட்டம், 1948 ஜின்னா மறைவு, 1957 இமானுவேல் சேகரன் கொலை, 1973 சிலி ராணுவப் புரட்சி, 2001 நியூயார்க் இவற்றோடு பாரதியும் வருகிறார். இல்லையென்றால் ஒரு கட்டம் தள்ளிப் போயிருப்பார்.

நாள் எங்கே தொடங்குகிறது என்பதில் இந்தச் சிக்கல் என்றால், எந்தக் காலண்டர் என்பதில் இன்னும் பெரிய சிக்கல். நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தது 1799இல். இன்றைய காலண்டரில் அதுவும் நவம்பர் 9. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் புரட்சிக் காலண்டர்படி ப்ருமேர் 18 என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆகவே விதியின் நாள் கூட்டத்தில் நெப்போலியனுக்கு இடமில்லை. ரஷ்ய நாவலாசிரியர் துர்கனேவ் இந்த நாளில் பிறந்தவர் என்று பட்டியல்கள் சொல்கின்றன. அவர் பிறந்த 1818இல் அவர் ஊர்க் காலண்டர் காட்டியது அக்டோபர் 28. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று உலகப் புத்தக நாளில் சொல்வதும் இந்த ரகம்தான். இங்கிலாந்து பழைய காலண்டரில் இருந்தது, ஸ்பெயின் புதியதற்கு மாறிவிட்டிருந்தது; இரண்டு ஏப்ரல் 23க்கும் இடையில் பத்து நாள். போதாததற்கு செர்வாண்டிஸ் காலமானது 22ஆம் தேதி. 23 அடக்கம் நடந்த நாள்.

நவம்பர் 9இல் பிறந்தவர்களில் இக்பாலின் கதை எனக்குப் பிடித்தது. கவிஞர் முகமது இக்பால் சியால்கோட்டில் பிறந்தவர். எந்த ஆண்டு என்பதிலேயே நெடுநாள் குழப்பம். 1873 என்று ஒரு கட்சி இருந்தது. அவர் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டில், ஹிஜ்ரி 1294 துல்கஅதா மாதம் 3ஆம் நாள் பிறந்ததாகத் தானே குறித்திருக்கிறார். பக்கத்தில் 1876 என்றும் போட்டிருக்கிறார். ஹிஜ்ரித் தேதியைக் கணக்குப் போட்டு மாற்றினால் 1877 நவம்பர் 9 வருகிறது. பாகிஸ்தான் அதையே ஏற்று இக்பால் தினம் ஆக்கியது. ஹிட்லர் ஊர்வலம் போன அதே மியூனிக், அதே நவம்பர் 9! இதில் மர்மம் தேடுகிறவர்கள், இக்பால் தன் பிறந்தநாளை நவம்பர் 9 என்று அங்கே எழுதவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறந்தநாள் விஷயத்தில் நம்மைக் கேட்கவே வேண்டாம். நம் தாத்தா பாட்டி தலைமுறையில் பலருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது, பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக வர வாத்தியார் போட்ட தேதி. முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனுக்கும் இதே கதை. கேரளத்தின் உழவூரில் அவரைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போன மாமாவுக்குத் தேதி தெரியவில்லை. 1920 அக்டோபர் 27 என்று சொல்லி வைத்தார். நாராயணனும் அதையே கடைசிவரை வைத்துக்கொண்டார். அவர் காலமான தேதியில் மட்டும் சந்தேகமில்லை: 2005 நவம்பர் 9. ஊரில் நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடுபவர்களுக்கோ தேதியே நிலையாக நிற்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனுக்கு ஐப்பசிச் சதயத்தில்தான் விழா. சில ஆண்டுகளில் அது அக்டோபரில் வரும், சில ஆண்டுகளில் நவம்பரில் வரும்.

இருந்தாலும் ஒரு பிறப்பை வெறும் கணக்கு என்று தள்ள எனக்கே மனம் வரவில்லை. 1929 நவம்பர் 9 அன்று புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் இம்ரே கெர்டேஸ் பிறந்தார். ஜெர்மனியில் வழிபாட்டிடங்கள் எரிந்த இரவு அவருக்கு ஒன்பதாம் பிறந்தநாள். 14 வயதில் ஆஷ்விட்ஸ், பிறகு புக்கென்வால்ட். பிழைத்து வந்து அதை எழுதி, 2002இல் நோபல் பரிசு வாங்கினார். கணக்கு என்னவோ தற்செயல் என்றுதான் சொல்கிறது.

நம் நாட்டுத் தேதிகளில் பெரும்பாலானவை 1923, 1938 ரகம். மனிதர்கள் பார்த்து வைத்தவை. 1930 ஜனவரி 26 பூரண சுயராஜ்ய நாளாகக் கொண்டாடப்பட்டது. அதை வீணாக்க வேண்டாம் என்றே, 1949 நவம்பர் 26இல் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பு இரண்டு மாதம் காத்திருந்து 1950 ஜனவரி 26 முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1947 ஆகஸ்ட் 15 மவுண்ட்பேட்டன் குறித்த நாள். தென்கிழக்கு ஆசியப் படைகளுக்குத் தலைமை தாங்கியவருக்கு, ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு அது. அரவிந்தர் பிறந்ததும் ஒரு ஆகஸ்ட் 15, 1872. திருச்சி வானொலி கேட்டு வாங்கிய செய்தியில் அதைத் தாம் தற்செயலாகக் கொள்ளவில்லை என்றார் அவர். மவுண்ட்பேட்டன் மனத்தில் ஜப்பான்தான் இருந்தது. இருவர் சொன்னதும் அவரவர் வரையில் உண்மை. 2019 நவம்பர் 9 அன்று அயோத்தித் தீர்ப்பும், பாகிஸ்தானில் உள்ள சீக்கியத் தலத்துக்குப் போகும் கர்தார்பூர் பாதைத் திறப்பும் ஒன்றாக வந்தபோது, பிரதமர் மோதி தன் உரையில் பெர்லின் சுவரை இழுத்து வந்தார். முப்பதாண்டுக்கு முன் யேகர் பதினொன்றரைக்குக் கதவைத் திறந்தது அதற்கும் உதவியது.

ஜெர்மனிக்கே இந்தத் தேதி 1990இல் சங்கடம் ஆனது. நாடு ஒன்றாகப் போகிறது. தேசிய நாள் வேண்டும். சுவர் விழுந்த நாளைத்தான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வழிபாட்டிடங்கள் எரிந்த நாளில் பட்டாசு வெடிப்பது எப்படி? அந்தக் கூச்சம் ஒருபுறம். வேலை அவசரம் மறுபுறம். செப்டம்பர் 12இல் மாஸ்கோவில் நான்கு வல்லரசுகளோடு ஒப்பந்தம், அக்டோபர் முதல் இரு நாள் நியூயார்க்கில் ஐரோப்பிய வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும். அக்டோபர் 7 வந்துவிட்டால் கிழக்கு ஜெர்மனி தன் 41ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாட நேரும். இடையில் இருந்த முதல் வசதியான நாள் அக்டோபர் 3. கிழக்கு ஜெர்மன் மன்றம் ஆகஸ்ட் 23 அதிகாலையில் வாக்கெடுத்து அதை முடிவு செய்தது. வரலாற்று வாடையே இல்லாத தேதி என்று இன்றும் அங்கே சிலர் அதைக் குறை சொல்வதுண்டு.

அதுவும் முழுக்க உண்மையல்ல. 1929 அக்டோபர் 3 அன்றுதான் குஸ்டாவ் ஸ்ட்ரெசமான் காலமானார். 1918இல் பிறந்த அந்த வைமர் குடியரசின் வெளியுறவு அமைச்சர், பிரான்ஸோடு சமாதானம் பேசி 1926இல் நோபல் பரிசு பெற்றவர். 1923 நவம்பரில், மியூனிக் பீர் மண்டபத்தில் அந்தத் துப்பாக்கி வெடித்த இரவில், பெர்லினில் ஜெர்மனியின் சான்சலராக உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.